மொதல் டப்பா என்னுது

நான் மலத்தை ஆராய்ச்சி செய்கிறவள். மூக்கைச் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நம் குடலுக்குள் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடுவதில்தான் அவையும் பிழைக்கின்றன. சாப்பாடு மாறினால் அவற்றில் எது தங்குகிறது, எது காணாமல் போகிறது, அதனால் நம் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. அதைப் பார்க்க வேண்டுமானால், காலையில் ஊரே தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு வரும் பொருளை நான் கேட்டு வாங்கியாக வேண்டும்.

சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. ஊரில்தான் பேஜார். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீரில் நெல் விளையும் கிராமம் எங்களுடையது. நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், அம்மாவுக்கு இரண்டு மாடு, எங்கள் தெருவில் அக்கா, சித்தி, பெரிம்மா என்று கூப்பிட முடியாத ஆள் ஒருத்தரும் கிடையாது. எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது அம்மா ஆசையாகத்தான் கேட்டாள், எதைப் பற்றிப் படிக்கப்போகிறாய் என்று. அப்போது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து தெருவில் என் படிப்பு மாறிவிட்டது. நான் பால் ஆராய்ச்சி பண்ணுகிறேனாம். யார் கேட்டாலும் அம்மா அதையே சொன்னாள், கூசாமல் சொன்னாள். அது எங்கே கொண்டுபோய் விட்டதென்றால், நான் லீவுக்கு வரும்போதெல்லாம் எதிர்வீட்டுச் சித்தி ஒரு பாட்டிலில் பாலை ஊற்றிக்கொண்டு வந்து நிற்பார். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கலக்குறாரு சித்தி" என்பேன். பின்னே என்ன சொல்வது? வீட்டுக்குள்ளிருந்து அம்மா என்னை முறைத்துக்கொண்டிருப்பாள்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும், என் ஆய்வை எங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மல்லுக்கு நிற்காமல் இருந்திருந்தால். எங்கள் குழுவின் தலைவிக்கு வேறு மாநிலத்தில் ஓர் ஊரில் ஏற்கெனவே எல்லா ஏற்பாடும் தயார். நான் விடவில்லை. எங்கள் ஊரில் நடந்துபோகிற தூரத்துக்குள் மூன்று விதமான வயிறு இருக்கிறது மேடம் என்றேன். காலையில் கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ குடித்துவிட்டுக் கழனிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஏரியோரக் குடியிருப்பில் இருக்கும் இருளர் குடும்பங்கள் இன்னொரு பக்கம். ரேஷன் அரிசியோடு ஏரி மீன், நத்தை, வரப்பில் பறித்த கீரை என்று அவர்கள் சாப்பாடே வேறு. மூன்றாவது, விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போய், கேன்டீனில் சாப்பிட்டு, திரும்பி வரும்போது பரோட்டா பார்சலோடு இறங்கும் எங்கள் பையன்களும் பெண்களும். ஒரே தண்ணீர், ஒரே காற்று, சாப்பாடு மட்டும் வேறு. இப்படி ஓர் ஊர் எங்கே கிடைக்கும்?

தலைவி யோசித்தார். ஒரு முறை கொண்டு வா, மாதிரிகள் தரமாக இருந்தால் உன் ஊரையே எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் அந்த இன்னொரு ஊர்தான், அப்புறம் என்னிடம் வந்து அழக்கூடாது என்றார். நான் அழுகிற ஆளா! சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தெருத்தெருவாகப் போய் விளக்கினேன். எதற்குக் கேட்கிறோம், பெயர் எங்கேயும் வராது, வேண்டாம் என்றால் வேண்டாம், எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை மூடி போட்ட டப்பாவையும் அதனுள்ளேயே இருக்கும் சின்னக் கரண்டியையும் காட்டினேன். ஒரு மாதத்துக்குள் எந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கக் கூடாது, சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சிரித்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டார்கள், கடைசியில் நம்ம ஊர்ப் பெண்ணாச்சே என்று ஒத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை. ஊரே குடுக்குது, நாங்க எதுக்குடி என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நைனா அம்மா சொல்லுக்கு மறுசொல் சொல்லுகிறவர் இல்லை. ஊர் ஒத்துக்கொண்டதே போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாதிரி வாங்கும் காலை வந்தது. உலர் பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளோடு வேன் வந்து கோயில் பக்கத்தில் நின்றது. ஜனங்கள் டப்பாக்களைத் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் டப்பாவைப் பார்த்தேன். தண்ணீர். இரண்டாவதும் தண்ணீர். மூன்றாவதைக் கையில் வாங்கும்போதே உள்ளே சளக் சளக் என்றது.

ஊருக்கே வயிற்றுப்போக்கு வந்துவிட்டதா, குடிதண்ணீர்த் தொட்டியில் ஏதாவது கலந்துவிட்டதா என்று பதறிப்போய், யாருக்காவது வாந்தி இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று வரிசையில் நின்றவர்களையெல்லாம் விசாரித்தேன். அவர்களோ தெம்பாக நிற்கிறார்கள். முகத்தில் ஒரு பெருமை வேறு. எதிர்வீட்டுச் சித்திதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"நீ இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற? எல்லாரும் நேத்தே பேதிக்கு சாப்ட்டுட்டோம். உங்கம்மாதான் வூடு வூடா வந்து சொல்லிட்டுப் போனாங்க."

வேனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏம்மா, ஊருக்கே விளக்கெண்ணெய் கொடுத்தாயா என்று கத்தினேன். அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீதான மாத்திர சாப்புடக் கூடாதுன்ன? வெளக்கெண்ணெ மாத்திரையா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் விளக்கெண்ணெயை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூட லீவு விட்டால் பிள்ளைகளை மூக்கைப் பிடித்து உட்காரவைத்துப் பேதிக்குக் கொடுத்து, மத்தியானம் ரசஞ்சோறு போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வீட்டைக் கழுவிவிடுவது மாதிரி வயிற்றையும் கழுவிவிடுவார்கள். அதைத்தான் அம்மா செய்யச் சொல்லியிருக்கிறாள். ஏன் சொன்னாள் என்பதை அவள் வாயாலேயே கேட்டபோது எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என் பொண்ணு கையால தொடப்போறா, கண்டதையும் அவகிட்ட குடுக்காதீங்க, சுத்தம் பண்ணிட்டுக் குடுங்க என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கழனிக்குப் போகிறவர்கள், கம்பெனிக்குப் போகிறவர்கள், யாரையும் விடவில்லை. ஏரியோரக் குடியிருப்புக்கு ஆள் மூலம் எண்ணெய் பாட்டிலையே அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது அம்மாவிடமிருந்து வந்ததுதான். ரெண்டு பேரும் தெரு கேட்கச் சண்டை போட்டோம். வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க நான் வருகிறேன், நீ எல்லாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு வீட்டைப் பெருக்கி வைத்தால் நான் யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். அதில்தான் அவள் கை நின்றது.

"அதுங்கல்லாம் உசுரா?"

உயிர்தான் என்றேன். உனக்குள்ளே இருக்கிற உயிர். நீ குடிக்கிற கூழில் உனக்குச் செரிக்காததை அதுங்க தின்று, உன் குடலுக்கு வேண்டியதை அதுங்க செய்து கொடுக்கின்றன என்றேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். போனதெல்லாம் திரும்பி வருமா என்று கேட்டாள். அநேகமாக வரும், ஆனால் சில வாரம் ஆகும் என்றேன்.

தலைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அந்த டப்பாக்களையெல்லாம் அழித்துவிடு, வயிறு பழைய நிலைக்கு வந்தபிறகு இன்னொரு தரம் முயற்சி செய், அதற்குமேல் என்னால் ஆகாது என்றார்.

இன்னொரு தரம்! சொல்வது சுலபம். சில வாரம் பொறுத்து, மறுபடியும் தெருவில் இறங்கினேன். கதவுகள் பாதிதான் திறந்தன. போன முறை பேதிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் வேலை போனது எல்லாருக்கும் நினைவிருந்தது. கம்பெனிப் பையன் ஒருவன், சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொல்லி லீவு கேட்பது என்று தெரியாமல் தான் பட்ட பாட்டைச் சொன்னான். உங்க வூட்ல வேற வேலையே இல்லியா என்று ஒரு பெரிம்மா நேரடியாகவே கேட்டார். ஏரியோரக் குடியிருப்பில் இதைவிட மோசம். அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. நின்று கேட்டார்கள், அவ்வளவுதான். அன்றைய நாற்று நடவுக் கூலியை விட்டவர்கள் அவர்கள்தான். எல்லாரும் மதிக்கிற ஒரு அம்மா அங்கே உண்டு, வயதில் என் அம்மாவுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க வூட்ல யாருனா குடுத்தாங்களாம்மா? இல்ல எங்க வயிறு மட்டுந்தான் ஆராய்ச்சிக்கா?"

படிப்பில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள், சமாளித்திருக்கிறேன். இதற்கு என்ன சொல்வது? இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை அப்படியே அம்மாவிடமும் நைனாவிடமும் சொன்னேன். நீயும் கொடு என்று நான் கேட்கவில்லை. வற்புறுத்தி வாங்குவது தப்பு, அவர்களாகத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும், அது எங்கள் விதி. அந்தம்மா கேட்டது ஞாயந்தான் என்று நைனா சொன்னார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். இந்த ஊர் என் கையைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சென்னைக்குத் திரும்பப் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் ஏரிக்கரையில் நூறு நாள் வேலை. வரத்துக் கால்வாய் தூர் வாருகிறார்கள். ஊர்ப் பெண்களும் ஏரியோரக் குடியிருப்புப் பெண்களும் ஒன்றாக இருக்கும் இடம் அது ஒன்றுதான், எதற்கும் ஒரு தரம் எல்லாரிடமும் சேர்த்துச் சொல்லிப் பார்ப்போம் என்று போனேன். நாஷ்டா நேரம். கரையில் வேலமர நிழலில் தூக்குகளைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினால் அம்மா வந்துகொண்டிருக்கிறாள். நூறு நாள் வேலைக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போனதில்லை. நிலம் வைத்திருக்கிறவர்கள் அங்கே போவதா என்று அம்மாவே பேசியிருக்கிறாள். கழனிக்குப் போகிற பழம்புடவையில், வெறுங்கையோடு, விறுவிறுவென்று கரை ஏறி வந்தாள்.

வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் நடுவில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"எம் பொண்ணு பால் ஆராய்ச்சி பண்ணல. நான் சொன்னது பொய். அவ பீயத்தான் ஆராய்ச்சி பண்றா."

கரையே சிரித்தது. எதிர்வீட்டுச் சித்திக்குப் புரையேறிவிட்டது. பால் பாட்டில் ஞாபகம் வந்திருக்கும். அம்மா சிரிப்பு அடங்கும்வரை அசையாமல் நின்றாள். நாளைக்கு மாமியார் வீட்டில் போய் நான் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவள் அவள். எனக்கு வரன் பார்த்தபோது தரகரிடம்கூடப் பால் என்றே சொன்னவள்.

"சிரிங்க. நானும் வெக்கப்பட்டுக்கினுதான் கெடந்தேன். நம்ம வயித்துல உசுருங்க கீதாம். அதுங்க நல்லா இருந்தாத்தான் நாம நல்லா இருப்போமாம். சுகரு, அது இதுன்னு ஊர்ல ஆளாளுக்கு மாத்திர துன்றாங்களே, அது ஏன் வருதுன்னு இவ தேடிக்கினு கீறா. வெளக்கெண்ணெ குடிக்கச் சொன்னது நானு. தப்பு என்னுது, அவுளுது இல்ல."

பிறகு அந்தக் குடியிருப்பு அம்மா இருந்த பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீ கேட்டியாமே. இந்த வாட்டி மொதல் டப்பா என்னுது."

அந்த அம்மா தன் தூக்கை மூடி வைத்தார். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம், என்ன கண்டுபிடித்தாலும் பட்டணத்தில் பேசுவதற்கு முன்னால் இங்கே வந்து சொல்லணும், அதுக்கு ஒத்துக்கினா பாக்கலாம் என்றார். ஒத்துக்கொண்டேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, ஒளிப்பானேன். பட்டம் வாங்கியபோது வராத அழுகை. அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் என்று போனேன், "சீ போடி, வேலையப் பாரு" என்று தள்ளிவிட்டாள்.

இரண்டாவது முறை வேன் வந்து நின்ற காலையில் நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலைத் தாண்டி வந்தாள். எல்லாரும் டப்பாவைப் பையில் போட்டுப் பையைத் துணியால் மூடிக்கொண்டு வருவார்கள். இவள் முந்தானைக்குள்கூட மறைக்கவில்லை. வெள்ளை மூடி தெரிய, அர்ச்சனைத் தட்டு கொண்டுபோகிற மாதிரி வலது கையில் ஏந்திக்கொண்டு தெரு நடுவில் வந்தாள். காரணத்தோடுதான் நடுவில் வந்தாள், ஒரு கண்ணும் தப்பக்கூடாது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சித்தி, வேண்டுமென்றே, இன்னாக்கா கையில என்று இழுத்தார்.

"எம் பொண்ணு கேட்டது. வேற எவ கேட்டாலும் குடுப்பனா?" என்றாள் அம்மா, நடையை நிறுத்தாமல்.

அவளுக்குப் பின்னால், ஐந்தடி தள்ளி, நைனாவும் தன் டப்பாவோடு வந்தார். அவர் மறைத்துத்தான் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு அம்மா போகாமல் வேன் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏற ஏற ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கம்பெனிப் பையன் ஷிப்ட் முடிந்து இறங்கிய கையோடு வந்தான். கடைசியில் ஏரியோரக் குடியிருப்பிலிருந்து அந்த அம்மா தன் ஆட்களோடு வந்தார். டப்பாவை நீட்டுமுன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள். டப்பா என் கைக்கு வந்தது. கனமாக இருந்தது, ஆட்டிப் பார்த்தாலும் சத்தம் இல்லை. ஆஹா, அதைவிட நல்ல பொருளை நான் கையில் வாங்கியதே இல்லை.

எங்கள் ஊர் ஆய்வில் சேர்ந்துவிட்டது. முழு முடிவு வர இன்னும் வருஷங்கள் ஆகும், இந்த வேலையே அப்படித்தான். ஆனால் முதல் கட்டமாக மாதிரிகளைச் சோதித்துப் பார்த்ததும், சொன்ன சொல்படி, சென்னையில் யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஏரிக்கரைக்கு வந்தேன். அதே வேலமர நிழல். மாதிரிகள் ஒன்றுகூட வீணாகவில்லை, எல்லாம் தரமாக இருக்கின்றன, மூன்று விதச் சாப்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இனிமேல்தான் பார்ப்போம் என்று விவரமாகச் சொன்னேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் அங்கே வருகிறாள்.

என்னுது நல்லா கீதா என்று கேட்டாள்.

எது உன்னுடையது என்று எனக்கே தெரியாது, எல்லாவற்றிலும் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் கிடையாது, பார்க்கவும் கூடாது என்றேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. மொதல் டப்பா என்னுது, அதக்கூடவா உனக்குத் தெரியாது என்று முணுமுணுத்தாள். குடியிருப்பு அம்மா அவள் முழங்கையில் லேசாகத் தட்டி, கம்முனு இரு என்றார். அம்மா கம்மென்று இருக்கிறவளா? மறுபடி என்னைப் பார்த்தாள். இந்த முறை மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் வெளிய தள்ளிட்டனே, அதுங்கல்லாம் திரும்பி வந்துடுச்சா?"

இத்தனை மாதமும் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வந்துடுச்சும்மா. எல்லார் வூட்லயும் ஜேஜேன்னு கீது."

அம்மா திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். கேட்டுக்கினீங்களா, வந்துடுச்சாம் என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தூக்கைத் திறந்து, மூடியில் கூழை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.